யுத்தகாலத்து நகரக் கமிட்டி

1939-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதியன்று, இந்திய ஜனங்களின் பிரதிநிதிகள் எவரையும் ஒரு வார்த்தை கேளாமலே, இந்தத் தேசமும் ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தபோது, தஞ்சாவூர் ஜில்லாவில் காவிரிக் கரையிலுள்ள எங்கள் ஊர்க் காங்கிரஸ் கமிட்டிக்குள் அதைப் பற்றி எவ்வித அபிப்பிராய பேதமும் இருக்கவில்லை. கேளாமல் செய்தது அவமதிப்பு என்பதில் எல்லோரும் ஒரே மனத்தினராக இருந்தோம். யுத்தம் நியாயமானதுதானா, அதில் எந்தப் பக்கம் ஜயிக்க வேண்டும், ஹிட்லர் ஜயித்துவிட்டால் நம்முடைய கதி என்ன என்பன போன்ற கேள்விகளெல்லாம், அந்த ஓர் அவமதிப்பைப் பேசித் தீர்ப்பதிலேயே எங்கள் சாயங்காலங்கள் கழிந்துகொண்டிருந்தமையால், சில மாதங்கள் வரையில் தலைகாட்டாமலே இருந்துவிட்டன. பிற்காலத்தில் எங்களை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாதபடி செய்தவை அந்தக் கேள்விகளே.

காங்கிரஸ் காரியக் கமிட்டியின் கட்டளைப்படி அக்டோபர் மாத முடிவில் ராஜாஜியின் மந்திரிசபை விலகிக்கொண்டது. சென்னை மாகாணம் கவர்னரின் நேர் நிர்வாகத்துக்குள் போயிற்று. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுக் காங்கிரஸைப் பொறுத்தவரையில், யுத்தம் வந்து நுழைந்த வீடு ஏற்கெனவே பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்த வீடுதான். 1937-ஆம் வருஷத் தேர்தலில் சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக்கொடுத்த சத்தியமூர்த்திக்கு மந்திரிசபையில் இடமில்லாமற்போனதை அவருடைய அன்பர்கள் மறக்கவில்லை. 1940-ஆம் வருஷத் தொடக்கத்தில் மாகாணக் கமிட்டித் தலைவர் பதவிக்கு ராஜாஜியின் ஆதரவு பெற்றவரைத் தோற்கடித்து, விருதுநகர்க் காமராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பிளவு வெளிப்படையாயிற்று. ஆகையால் யுத்தமே கட்சியைப் பிளந்தது என்று சரித்திரம் எழுதுவோர் சொன்னால், நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

எங்கள் கமிட்டியில் முக்கியமானவர்கள் நாலைந்து பேர். முதலாவதாக வக்கீல், நல்ல வருமானத்தை 1930-ஆம் வருஷத்து உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனவர், ராஜாஜியிடம் அளவற்ற மதிப்புள்ளவர், எதையும் சட்டப் புஸ்தகத்தின் பாணியில் பிரிவு பிரிவாக யோசிப்பவர். அடுத்தவர் கதர்க்கடைப் பெரியவர். மகாத்மா சொன்னதற்கு அப்பால் யோசிக்க வேண்டிய விஷயம் உலகத்தில் உண்டென்று நம்பாதவர். மூன்றாமவன் நெல்மில்காரருடைய மகன். சுபாஷ் போஸ் காங்கிரஸ் தலைமையிலிருந்து விலக நேர்ந்த நாளிலிருந்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தவன். தோல்மண்டி ராவுத்தர் என்று நாங்கள் அழைத்த வியாபாரி ஒருவர். முஸ்லிம் லீக்காரர்கள் எத்தனையோ முறை அழைத்தும் போகாமல் காங்கிரஸிலேயே இருந்து, அதற்காகத் தம்முடைய சொந்த ஜனங்களிடம் ஏச்சுக் கேட்டவர். இவர்களோடு முனிசிபல் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். கம்யூனிஸ்டு என்று எல்லோருக்கும் தெரியும். கட்சி தடைசெய்யப்பட்டிருந்தபடியால் அவர் அதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான் காரியதரிசி. நடவடிக்கைப் புஸ்தகத்தை எழுதுவதும், வாசகசாலைக்கு விளக்கேற்றுவதும் என் வேலை.

1940-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரான்ஸ் வீழ்ந்தது. முதல் பேதம் அப்போதுதான் வெளியே வந்தது. இங்கிலாந்து தனித்து நிற்கும் இந்தச் சமயத்தில், சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு மத்தியில் உடனே ஒரு தேசிய சர்க்காரை அமைத்தால் தேசப் பாதுகாப்பில் காங்கிரஸ் பூரணமாக ஒத்துழைக்கும் என்று ராஜாஜி முன்னின்று நடத்திவைத்த யோசனையை, ஜூலை மாதத்தில் பூனாவில் கூடிய அகில இந்தியக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. அஹிம்சையை யுத்தத்துக்கு மட்டும் ஒத்திவைக்கச் சம்மதிக்காத மகாத்மா ஒதுங்கிக்கொண்டார். கான் அப்துல் கபார்கான் காரியக் கமிட்டியிலிருந்தே விலகினார். பத்திரிகை வந்த அன்று வக்கீலின் முகத்தில் நான் அதற்குமுன் கண்டறியாத ஒரு தெளிவு இருந்தது. கதர்க்கடைப் பெரியவரோ அன்று சாயங்காலம் வாசகசாலைக்கு வந்து, யாரோடும் பேசாமல் தக்ளியை எடுத்து நூற்றுவிட்டு, எழுந்து போகும்போது மட்டும், "மகாத்மா இல்லாத காங்கிரஸுக்கு நான் நாலணாச் சந்தா கொடுக்க வேண்டுமா என்று யோசித்துச் சொல்லுகிறேன்" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வைஸ்ராய் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தார். ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி வெளியான அறிக்கையில் பூனா யோசனைக்குப் பதிலாகக் கிடைத்தது, யுத்தம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற பழைய வாக்குறுதிதான். செப்டம்பரில் காங்கிரஸ் மறுபடியும் மகாத்மாவிடமே போய்ச் சேர்ந்தது.

பிறகு தனிநபர் சத்தியாக்கிரகம். அக்டோபர் 17-ஆம் தேதி பவுனாரில் வினோபா பாவே தொடங்கிவைத்ததை, மகாத்மாவின் அனுமதி பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் ஊர்களில் செய்தார்கள். பிரிட்டிஷ் யுத்த முயற்சிக்கு ஆளாலோ பணத்தாலோ உதவி செய்வது தவறு என்ற ஒரு வாக்கியத்தைப் பொதுவிடத்தில் உரக்கச் சொல்ல வேண்டியது, அதற்கு முன்பே இடம், நாள், நேரம் எல்லாவற்றையும் அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டியது, அவ்வளவுதான். என் முறை வந்தபோது கடைத்தெரு முக்கில் கழுத்து நிறையக் கதர்மாலையோடு நின்றேன். எங்கள் ஊர் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நான் வாக்கியத்தை நடுவில் தடுமாறி விட்டுவிட்டபோது, கைது செய்வதற்குப் போதுமான அளவு அது முடியட்டும் என்று பொறுமையோடு காத்துக்கொண்டிருந்தார்.

திருச்சிராப்பள்ளிச் சிறையில் வக்கீல், பெரியவர், மில்காரர் மகன், நான் நால்வரும் சில மாதங்கள் சேர்ந்திருந்தோம். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. நாங்கள் நால்வரும் அதே வாக்கியத்தைச் சொல்லி, அதே சட்டப்படி தண்டனை பெற்று வந்தவர்கள். ஆனால் அந்த வாக்கியத்தை நம்பிச் சொன்னவர் பெரியவர் ஒருவரே. கொலையென்பது யார் செய்தாலும் பாபம், ஆகவே யுத்தத்துக்கு உதவக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வக்கீலோ, ஹிட்லரை அடக்குவதற்கு உலகத்திலுள்ள யோக்கியர்கள் எல்லோரும் ஆயுதமெடுக்க வேண்டும் என்று கருதியவர். அடிமையாக நின்று எடுக்கச் சொல்வதைத்தான் மறுத்தார். மில்காரர் மகனுக்கு எடுக்க வேண்டியது எந்தப் பக்கத்து ஆயுதம் என்பதிலேயே சந்தேகம். ஜனவரி மாதத்தில் சுபாஷ் போஸ் கல்கத்தாவில் தம்முடைய வீட்டிலிருந்து மறைந்துவிட்ட செய்தி வந்ததிலிருந்து, ஜெர்மனியின் ஒவ்வொரு வெற்றியும் அவனுக்குப் பண்டிகையாயிற்று. எனக்கு அக்காலத்தில் திடமான கொள்கை ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன் தோற்க வேண்டும், ஆனால் ஹிட்லர் ஜயிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேசத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது என் துணிபு.

ஆனாலும் அந்தச் சிறைவாசத்தில் எங்களுக்குள் கசப்பு என்பது லவலேசமும் இல்லை. வக்கீல் காலையில் எங்களுக்கு இங்கிலீஷ் ராஜ்ய சரித்திரம் சொல்லிக்கொடுப்பார். பெரியவர் பிற்பகலில் எல்லோரையும் நூற்கச் செய்வார். ராத்திரி பூட்டுப் போடும் வரையில் விவாதம் நடக்கும். ஜூன் மாதத்தில் ஹிட்லர் ருஷ்யாமேல் படையெடுத்த செய்தி வந்த அன்று, மில்காரர் மகன் ஆறு வாரத்தில் மாஸ்கோ விழும் என்று பந்தயம் கட்டினான். வக்கீல் நெப்போலியன் கதையை முதலிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் எங்கள் வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். இது ஏகாதிபத்தியங்களின் சண்டை, இதை எங்களைவிடத் தீவிரமாக எதிர்க்க வேண்டும், இந்த ஒற்றையாள் சத்தியாக்கிரகம் வெறும் விளையாட்டு என்று ரகசியத் துண்டுப் பிரசுரங்கள் வழங்கி, அதற்காகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர் வேறொரு சிறையில் இருந்தார். அவருடைய யுத்தம் அன்று ஒரு ராத்திரியில் மாறிவிட்டது. அவருடைய கட்சி அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள அந்த வருஷக் கடைசி வரையில் ஆயிற்று.

வெளியில் வந்து பார்த்தால் காலம் மாறியிருந்தது. டிசம்பர் மாத ஆரம்பத்தில் சர்க்கார் மிச்சமிருந்த சத்தியாக்கிரகிகளை விடுதலை செய்தார்கள். நாலைந்து நாளைக்குள் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. எங்கள் ஜில்லாவில் இது வெறும் பத்திரிகைச் செய்தியன்று. நாகப்பட்டணத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன மனிதன் இல்லாத தெரு அங்கே ஏது? கடிதம் வருமென்று தபால்காரனை வழிமறித்து நின்ற ஸ்திரீகளை நான் தினந்தோறும் பார்த்தேன். மார்ச்சு மாதத்தில் ரங்கூனும் போயிற்று. காட்டுவழியாக நடந்து, பாதையில் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, எலும்பும் தோலுமாக வந்துசேர்ந்த பர்மாத் தமிழர்களைக் கண்ட பிறகு, யுத்தம் பிறத்தியாருடைய விவகாரம் என்று பேசுவது யாருக்கும் எளிதாக இல்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டணத்திலும் காகிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதைக் கேட்டுச் சென்னையே காலியாயிற்று. ஹைக்கோர்ட்டைக் கோயமுத்தூருக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சிசாலையிலிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் ஊரில் பாழடைந்து கிடந்த வீடுகளுக்குக்கூடச் சென்னைப் பட்டணத்து வாடகை கிடைத்தது. வக்கீல் வீட்டுத் திண்ணையில் மட்டும் இருபது பேர் படுத்துறங்கினார்கள்.

இந்தப் பீதிக்கு நடுவில்தான், பிரிட்டிஷ் சர்க்கார் சமரசம் பேச அனுப்பிய கிரிப்ஸின் தூது முறிந்து இரண்டு வாரம்கூட ஆகாத சமயத்தில், சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சி ராஜாஜியின் தலைமையில் கூடி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டாவது தேசிய சர்க்காரை அமைக்க வேண்டுமென்று அகில இந்தியக் கமிட்டிக்குச் சிபாரிசு செய்தது. தேசம் ஸ்தம்பித்துவிட்டது. அலகாபாத்தில் கூடிய கமிட்டி அந்த யோசனையை 120-க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் தள்ளிற்று. அதற்குள் ராஜாஜி காரியக் கமிட்டியிலிருந்து ராஜிநாமாச் செய்துவிட்டார். அலகாபாத் முடிவைப் பாராட்டி, ராஜாஜியின் செய்கையைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதற்காக எங்கள் கமிட்டியும் மே மாதத்தில் ஒருநாள் கூடியது. மாமூலாக ஏழெட்டுப் பேர் வரும் இடத்தில் அன்று நிற்க இடமில்லை.

வக்கீல் எழுந்து மில்காரர் மகனைப் பார்த்து, "நாளைக்கு ஜப்பான்காரன் நாகப்பட்டணத்தில் வந்து இறங்கினால் நீர் என்ன செய்வதாக உத்தேசம், காணும்?" என்று கேட்டார்.

"அவன் நம்மை அடிக்க வரவில்லை, ஸார். வெள்ளைக்காரனை அடிக்க வருகிறான்" என்றான் அவன். கதவைச் சாத்திக்கொண்டு பெர்லின் ரேடியோவில் சுபாஷ் போஸின் குரலைக் கேட்டுவந்த நாட்கள் அவை.

"ரங்கூனிலிருந்து நடந்து வந்திருக்கிறானே, எதிர்வீட்டு மனிதன், அவனைக் கேட்டுப் பாரும். குண்டு ஆள் நிறம் பார்த்து விழுந்ததா என்று அவன் சொல்லுவான்."

கதர்க்கடைப் பெரியவர், ஜப்பான்காரன் வந்தால் வெள்ளைக்காரனோடு ஒத்துழைக்க மறுத்தது போலவே அவனோடும் மறுப்போம், சாவதானால் சாவோம் என்றார். அவர் வாயிலிருந்து வந்தமையால் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதுவரையில் வக்கீலின் வாதமே ஓங்கியிருந்தது என்று நான் நினைக்கிறேன். அப்புறம் ராவுத்தர் எழுந்தார். அவர் கூட்டங்களில் பேசுகிறவரே அல்ல.

"லீகுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். கொடுக்கிறதென்று ஆனபிறகு, லீகில் சேராமல் இத்தனை வருஷம் உங்களோடு இருந்தேனே, எனக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள், வக்கீல் ஐயா?"

வக்கீலிடம் பதில் இல்லை. சட்டத்தில் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்த அந்த மனிதர், ஒரு நிமிஷம் ராவுத்தரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. அவரைத் தவிர எதிர்த்துக் கை தூக்கியவர் இருவர்; நான் காரியதரிசி என்ற சாக்கில் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கோடைகாலத்தில் ராஜாஜி மாகாணமெங்கும் சுற்றிப் பேசினார். ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கறுப்புக் கொடிகள் ஒரு பக்கம்; கூச்சல் ஒரு பக்கம். அவர் குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தம் ஓய்ந்தபோது விட்ட இடத்திலிருந்தே வாக்கியத்தைத் தொடங்கினார். பம்பாயில் மாதுங்காவில் அவர்மேல் தாரை வீசினார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது, இவரிடத்தில் வாதம் செய்து ஜயிக்க முடியாதவர்களுக்கு வேறென்ன வழி என்று வக்கீல் சொன்னார். ஜூலையில் ராஜாஜி காங்கிரஸையும் சட்டசபை ஸ்தானத்தையும் விட்டார். வக்கீலும் நாலணாச் சந்தா ரசீதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசகசாலைக்கு வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்.

என்னுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லையானாலும் சொல்கிறேன். யுத்தத்தைப் பற்றி ராஜாஜி கணித்தது பெரும்பாலும் சரி. தவறு அவருடைய கணிதத்தில் இல்லை. கொடுக்க வேண்டிய ஆசாமி சர்ச்சிலாக இருந்தார் என்பதில்தான் இருந்தது. லீகோடு ஒப்பந்தம் செய்துகொண்டு போய் நின்றாலும் லண்டனில் கதவு திறந்திருக்கும் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. திறவாத கதவுக்காக ராவுத்தர் போன்றவர்களைக் கைவிடுவானேன்? ஆகையினால்தான் வக்கீலின் வாதங்களில் முக்காலே மூன்றுவீசத்தை ஒப்புக்கொண்ட நான், ஆகஸ்டு மாதத்தில் அவரோடு வெளியில் நிற்காமல் மற்றவர்களோடு உள்ளே போனேன்.

ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் 13 பேர், கம்யூனிஸ்டுகளே முக்கியமாக. மறுநாள் விடியுமுன் தலைவர்களெல்லாம் சிறையில். காமராஜ் ரயிலில் அரக்கோணத்தில் இறங்கி, போலீஸின் கண்ணில் படாமல் ஜில்லா ஜில்லாவாகச் செய்தி சொல்லிவிட்டுப் பிறகு விருதுநகரில் பிடிபட்ட கதையை எல்லோரும் அறிவார்கள். சத்தியமூர்த்தி அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு, நோயாளியாய்த் திரும்பி, 1943-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். 1941-லேயே சட்டசபை வேலைக்குத் திரும்ப வேண்டுமென்று வாதாடிய மனிதர் அவர்! எங்கள் ஊரிலும் தந்திக் கம்பிகளை அறுத்தார்கள்; நாங்கள் கமிட்டிக்காரர்கள் அதற்கு முன்பே கைதாகிவிட்டோம். சிறைவாசம் இம்முறை நீளமானது, வேடிக்கையற்றது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெளியில் நடந்தவற்றைப் பிற்பாடு கேள்விப்பட்டேன். வாத்தியாரின் கட்சிமீதிருந்த தடையை ஜூலையிலேயே நீக்கிவிட்டார்கள். அவர் இப்போது 'ஜனசக்தி'ப் பத்திரிகையைப் பகிரங்கமாகக் கடைத்தெருவில் விற்றார். இது மக்கள் யுத்தம் என்று பேசினார். பர்மா அரிசி நின்றுபோய் விலை ஏறியபோது, பதுக்கல்காரர்களின் பெயரை மேடையிலேயே சொல்லி, ரேஷன் கடை வரிசையைத் தாமே நின்று ஒழுங்கு செய்தார். தலைவர்களை விடுதலை செய்ய வேண்டும், காங்கிரஸும் லீகும் சேர வேண்டும், தேசிய சர்க்கார் வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகள். கேட்பதற்கு ராஜாஜி பேசுவது போலவே இருக்கும். ஆனாலும் வக்கீலும் அவரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தும் பேசிக்கொள்வதில்லையாம். ஜனங்கள் அவரைத் துரோகி என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களைவிட அதிகமாக யுத்தத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. வக்கீலோ, தாம் விரும்பாத கிளர்ச்சியில் கம்பி அறுத்ததாகப் பிடிபட்ட பையன்களுக்கு, ஒரு ரூபாய்கூட வாங்காமல் கோர்ட்டில் ஆஜரானார். குறுக்கு விசாரணையில் அவரளவு கடுமையானவர் ஜில்லாவில் கிடையாதாகையால், பலர் தப்பினார்கள்.

1945-ஆம் வருஷம் ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. கமிட்டிகளின் மேலிருந்த தடை நீங்கி, தூசி படிந்த நடவடிக்கைப் புஸ்தகத்தை நான் மறுபடி எடுத்தபோது, மாகாணம் முழுவதும் ஒரே விவாதம்: ராஜாஜியைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதா, சேர்த்துக்கொண்டால் தலைமை யாருக்கு? மேலிடத்துத் தலைவர்கள் அவரை விரும்பினார்கள். சிறையிலிருந்து வந்த காமராஜின் கோஷ்டியார் விரும்பவில்லை. யுத்தத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வரப்போகும் தேர்தலில் யாருக்கு எந்த ஸ்தானம் என்பதே பேச்சு. 1940-இலும் 1942-இலும் கொள்கைக்காக நின்ற இரண்டு அணிகளும், கொள்கை போனபிறகும் கலையாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

வக்கீல் நாலணாவோடு என்னிடம் வந்தார். அவருடைய மனு கமிட்டியின் முன் வந்தபோது, வெகுவாக ஆட்சேபித்தவர்கள் ஆகஸ்டு மாதத்தில் காய்ச்சல் என்றும் கலியாணம் என்றும் வீட்டிலிருந்த கனவான்களே. மில்காரர் மகன் ஒன்றும் சொல்லவில்லை. சுபாஷ் போஸின் இந்திய தேசிய ராணுவத்தாரின் விசாரணை செங்கோட்டையில் நடந்துகொண்டிருந்த நாட்களாகையால், அவனுடைய மனமெல்லாம் டில்லியில் இருந்தது. ஆமோதித்துப் பேசியவர் ராவுத்தர். "அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு அவர் பொய்ப் பதில் சொல்லவில்லை. அது போதும்" என்றார். மனு ஏற்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில், மாகாணச் சட்டசபைக் கட்சியின் தலைமையை ராஜாஜியே வகிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானம் வந்தது. வக்கீல் கையைத் தூக்குவார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கொண்டுவந்தவர்களும் அந்த ஒரு வாக்கை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதிர்த்துத் தூக்கினார். தீர்மானம் தோற்றது. அவருடைய கோஷ்டியார் கோபத்தோடு சூழ்ந்துகொண்டு, இத்தனை வருஷ பக்தி என்னவாயிற்று என்று கேட்டபோது, குடையைத் தேடிக்கொண்டே அவர் சொன்னார்:

"யுத்த விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று பட்டது, வெளியே போனேன். நம்மிஷ்டப்படி வெளியே போன மனிதர்களை, உள்ளேயே இருந்தவர்கள் பார்த்துத் தலைவராக்கினால் ஆக்கட்டும். நாம் போய்க் கேட்கிறதாவது! என் குடையை எடுத்தது யார், காணும்?"